தலைமை அலுவலகத்துக்கும் ஒரு சீட்டு

1

நான் ஜெயித்துவிட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிப் பக்கம் வரைக்கும் அடக்கி வைத்திருந்து சொல்கிற பொறுமை எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

நெதர்லாந்தில் இந்தத் துறைமுக நகரத்துக்கு நான் வந்து சேர்ந்து போன வியாழக்கிழமையோடு பதினோரு வருடம் முடிந்தது. ஒவ்வொரு வருடமும் இந்த நாளில் என் வீட்டுக்காரர் பிரியாணி செய்வார். விமான நிலையத்து வாசலில் கோடை மழையில் பருத்திப் புடவையோடு நின்று நடுங்கிய கதையை நான் சொல்வேன். பெண் ஜெனி, "அம்மா, இது போன வருசமே வந்த கதை" என்று டச்சில் சொல்லிவிட்டுத் தட்டோடு தன் அறைக்குப் போய்விடுவாள். இந்த வருடமும் பிரியாணி இருந்தது. ஆனால் கதை புதிது, ஜெனியும் எழுந்து போகவில்லை.

அன்று காலையில்தான் எங்கள் நிறுவனத்தின் அரையாண்டுக் கணக்கை, வரப்போகும் சர்வதேசத் தரநிலையின்படி முன்னோட்டமாகப் போட்டுத் தணிக்கைக் குழுவின் முன் வைத்தேன். குழுவில் இருப்பவர்கள் சும்மா தலையாட்டுகிறவர்கள் இல்லை. துருவித் துருவிக் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. வெளியே வந்ததும் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு கையையும் மேலே தூக்கி ஒரு குத்தாட்டம் போட்டேன். வயது நாற்பத்து மூன்று, அதனால் என்ன?

2

கணக்குத் தரநிலை என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பழவேற்காட்டு ஏரிக்கரையில் பிறந்தவளுக்குப் புரிந்த விஷயம் உங்களுக்குப் புரியாமல் போகாது.

உலகத்தில் பல நாடுகளில் பங்குச்சந்தையில் இருக்கும் நிறுவனங்கள் ஒரே மாதிரி விதிகளின்படி கணக்குக் காட்ட வேண்டும். அந்த விதிகளில் பதினெட்டாம் எண் கொண்ட ஒன்று 2027 ஜனவரியிலிருந்து தொடங்கும் கணக்கு ஆண்டுகளுக்கு நடைமுறைக்கு வருகிறது. இந்தியாவிலும் இதே வழியில் ஒரு தரநிலைக்கு வேலை நடக்கிறது என்று என்னோடு சென்னையில் படித்த தோழிகள் சொல்கிறார்கள். இதனால் ஒரு நிறுவனத்தின் கணக்கில் கடைசி வரியில் வரும் லாபம் ஒரு காசு கூடப் போவதில்லை, ஒரு காசு குறையப் போவதில்லை. அந்தக் கடைசி வரிக்கு மேலே இருக்கும் வரிகள்தான் இடம் மாறுகின்றன.

என் நைனா ஏரியில் இறால் பிடிக்கிறவர். எங்கள் வீட்டின் முன்பக்க அறையை ஓர் ஐஸ் வியாபாரிக்கு வாடகைக்கு விட்டிருந்தார். இறால் பணமும் வீட்டுக்குத்தான் வரும், வாடகைப் பணமும் வீட்டுக்குத்தான் வரும். ஆனால் கரையில் ஒருவர், "இன்னா சவரி, தொழில் எப்படிப் போவுது?" என்று கேட்டால் நைனா வாடகையையும் சேர்த்துச் சொல்ல மாட்டார். சொன்னால் கேட்டவர் நம்பி அடுத்த நாளே அந்த இடத்துக்கு வலையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்.

பெரிய நிறுவனங்களால் இத்தனை நாளும் வாடகையைச் சேர்த்துச் சொல்ல முடிந்தது. 'தொழில் லாபம்' என்ற வரிக்கு இதுதான் அர்த்தம் என்று சர்வதேச விதி எதுவும் கட்டிப்போட்டிருக்கவில்லை. ஒருவர் ஒன்றைச் சேர்ப்பார், இன்னொருவர் அதை விடுவார். இனி அப்படி முடியாது. தொழிலில் வந்தது, முதலீட்டில் வந்தது, கடனும் நிதியும் சார்ந்தது என்று தனித்தனியாகப் பிரித்துத்தான் காட்ட வேண்டும். இன்னொன்றும் உண்டு. பல நிறுவனங்கள் தாங்களே ஒரு லாபக் கணக்கை உருவாக்கி அதற்கு அழகாக ஒரு பெயரும் வைத்துப் பத்திரிகைக்காரர்களிடம் சொல்வார்கள். பிடிக்காத செலவுகளையெல்லாம் அதில் விட்டுவிடுவார்கள். இனி அப்படிச் சொல்கிற ஒவ்வொன்றுக்கும் எதைச் சேர்த்தோம், எதை விட்டோம், ஏன் விட்டோம் என்று கணக்கறிக்கைக்குள்ளேயே குறிப்பு எழுத வேண்டும். தணிக்கையாளர் அதையும் பார்ப்பார்.

எங்கள் நிறுவனத்துக்கும் அப்படி ஒரு செல்லப்பிள்ளை இருந்தது. பெயர் 'மைய லாபம்'. அதைப் பெற்றெடுத்தவர் எங்கள் நிதித்துறைத் தலைவர் வில்லெம்.

3

வில்லெமைப் பற்றிச் சொல்வதற்கு முன் என் வாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தக் கதையில் வேலை செய்வது பாதி மூளை, பாதி வாய்.

வந்த புதிதில் இந்த ஊர் நகராட்சியில் பதிவு செய்யப் போனோம். கவுண்டரில் இருந்த பெண் மிகவும் மரியாதையாகத்தான் பேசினாள். பிறந்த ஊர் என்ன என்று கேட்டாள். பழவேற்காடு என்றேன். ஆங்கிலத்தில் புலிகாட் என்றும் சொன்னேன். தட்டிப் பார்த்தாள். "கணினியில் அந்த ஊர் இல்லை. பிறந்த இடம் தெரியவில்லை என்று போட்டுவிடட்டுமா?" என்றாள். சின்ன விஷயம்தான், விட்டிருக்கலாம். என் வீட்டுக்காரர் என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தார்.

நான் விடவில்லை. அரைகுறை ஆங்கிலமும் நான்கு டச்சு வார்த்தையும் கலந்து சொன்னேன்: "உங்க ஆளுங்க எங்க ஊர்ல கோட்டை கட்டி வியாபாரம் செஞ்சாங்க. செத்தவங்களையும் அங்கேயே பொதைச்சாங்க. கல்லுல உங்க பாஷையில பேரெல்லாம் செதுக்கி வெச்சிருக்குது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அந்தக் கல்லு மேல ஒக்காந்துதான் நான் மாங்கா தின்னேன். உங்க ஆளுங்க பேரு எங்க ஊர்ல இருக்கும், எங்க ஊரு பேரு மட்டும் உங்க கணினியில இருக்காதா?"

பின்னால் வரிசையில் நின்ற ஒரு பெரியவர் கைதட்டினார். அந்தப் பெண் சிவந்துபோய் மேலதிகாரியைக் கூப்பிட்டாள். இன்னொரு நாள் வரச் சொன்னார்கள். இன்னொரு சான்றிதழ் கேட்டார்கள். அதற்கு மொழிபெயர்ப்பு, அந்த மொழிபெயர்ப்புக்கு ஒரு முத்திரை. எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். இன்றைக்கு என் பதிவில் பிறந்த ஊர் இருக்கிறது, எழுத்துப் பிழை இல்லாமல்.

அலுவலகத்திலும் இந்த வாயை அடக்க எனக்குத் தெரியவில்லை. டச்சு நன்றாகவே பேசுவேன். ஆனால் கோபம் வந்தால் முதலில் வருவது "இன்னா இது?" தான். கூட வேலை செய்கிறவர்கள் முதலில் பயந்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள், அதற்கும் பிறகு அவர்களே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். ஆறரை அடி உயர வில்லெம், எந்நேரமும் உப்பில்லாத மோரை ஒரு பெரிய தம்ளர் நிறைய வைத்துக்கொண்டு, கணினி மெதுவாக ஓடினால் "இன்னா இது?" என்று கேட்பதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும்.

4

புதிய தரநிலைக்கு நிறுவனத்தை மாற்றும் வேலையை வில்லெம் என்னிடம் கொடுத்தார். பொறுப்பின் பெயரில் 'தற்காலிக' என்ற சொல்லையும் சேர்த்தே கொடுத்தார்.

எங்கள் நிறுவனத்தில் ஐந்து பிரிவுகள். கப்பல்களைத் துறைமுகத்துக்குள் இழுத்து வரும் படகுகள், குளிர்கிடங்கு, லாரிகள், கப்பல் பழுதுபார்க்கும் பட்டறை, மீன் பதனிடும் ஆலை. ஐந்தின் கணக்கையும் மென்பொருளில் மாற்ற ஒரே ஒரு குழுதான் இருந்தது. அதனால் ஒவ்வொரு பிரிவாகத்தான் போக முடியும். விதி 2027-இல் தொடங்கினாலும், அப்போது பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதற்கு 2026-ஆம் வருடக் கணக்கும் புதிய முறையில் இருக்க வேண்டும். ஆகவே போன வருடம் முடிவதற்குள் வேலையைத் தொடங்கியே ஆக வேண்டியிருந்தது.

யாரும் முதலில் வரத் தயாராக இல்லை. காரணம் எளிது. குளிர்கிடங்குப் பிரிவின் தலைவி மார்லூஸ், பழைய கிடங்கு ஒன்றை ஒரு நாற்காலி மேசை வியாபாரிக்கு வாடகைக்கு விட்டிருந்தாள். அந்த வாடகை இத்தனை நாளும் அவள் தொழில் லாபத்தில் சேர்ந்து இருந்தது, இனி முதலீட்டுப் பக்கம் போய்விடும். இழுவைப் படகுப் பிரிவின் ஹென்க், வேறொரு கம்பெனியில் இருந்த பங்கின் லாபத்தைத் தன் தொழிலில் சேர்த்துக் காட்டிக்கொண்டிருந்தார். அதுவும் கீழே இறங்கும். முதலில் மாறுகிற பிரிவின் தொழில் லாபம் மட்டும் குறைந்து தெரியும், மற்றவர்கள் பழைய பளபளப்பிலேயே இருப்பார்கள். ஆண்டு இறுதியில் யாருக்கு எவ்வளவு பணம் என்று பிரிக்கும்போது யார் முகத்தில் கரி பூசப்படும்?

"குளிர்கிடங்கு போகட்டும், அவங்க கணக்குதான் சிக்கல் இல்லாதது" என்பார் ஹென்க். "படகுகள் போகட்டும், தண்ணிக்குப் பழகினவங்க" என்பாள் மார்லூஸ். லாரிக்காரர் கூட்டத்துக்கே வர மாட்டார். இப்படியே கோடை போனது, இலையுதிர்காலமும் பாதி போனது. ஒருநாள் வில்லெம் என் மேசைக்கு வந்தார்.

"அமலா, இந்த மாசத்துக்குள்ள வரிசை முடிவாகலைன்னா வெளியிலேர்ந்து ஆலோசகர்களைக் கூப்பிட்டுடுவேன். நீ உன் பழைய நாற்காலிக்குப் போயிடலாம். தப்பா நினைக்காதே."

எனக்குத் தப்பாகத்தான் பட்டது. எனக்குப் பிறகு வந்த இரண்டு பேர் எனக்கு மேலே போயிருந்தார்கள். இந்த ஒரு வேலையைப் பிடித்துத்தான் மேலே ஏற வேண்டும் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். இதுவும் கை நழுவினால் ஓய்வு பெறும் வரைக்கும் அடுத்தவர் கணக்குக்கு டிக் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அன்றைக்கு ரயிலில் வீடு வரும் வரைக்கும் வில்லெமைப் பச்சையாகத் திட்டிக்கொண்டே வந்தேன். தமிழில் திட்டினால் பக்கத்தில் இருப்பவருக்குப் புரியாது என்பது வெளிநாட்டு வாழ்க்கையின் பெரிய வசதி.

5

திட்டி முடித்துத் தெம்பு வந்த பிறகு யோசித்தேன். ஒரே நீர், பல வலைகள், எல்லோருக்கும் ஒரே இடத்தின் மேல் கண். இந்தச் சண்டையை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேனே!

பழவேற்காடு ஏரி பெரியதுதான். ஆனால் இறால் ஓடுகிற வழி எல்லா இடத்திலும் இல்லை. முகத்துவாரத்தை ஒட்டி வலை கட்டியவனுக்குக் கூடை நிறையும். உள்ளே தள்ளிக் கட்டியவனுக்குச் சேறும் பாசியும்தான் வரும். எல்லோரும் முகத்துவாரத்துக்கே ஓடினால் மண்டை உடையும். அதனால் எங்கள் பக்கம் 'பாடு' என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு எடுப்பார்கள். இன்றைக்கு நல்ல இடத்தில் கட்டியவர் அடுத்த முறை நகர்ந்துவிட வேண்டும், சேற்றில் கட்டியவர் மேலே வருவார். யாரும் நிரந்தரமாக நல்ல இடத்தில் உட்கார முடியாது, யாரும் நிரந்தரமாகச் சேற்றில் கிடக்கவும் வேண்டாம்.

எங்கள் குப்பத்தில் மாதா கோயில் வளாகத்தில் சீட்டு எடுப்பார்கள். ஊர்த் தலைவர் ஒரு செம்புக் குடத்தைப் பிடித்துக்கொள்வார். கல்யாணமான ஆண்கள் ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு சீட்டு. பெண்கள் சுவருக்கு வெளியே நின்று எட்டிப் பார்க்கலாம். அம்மா என்னையும் அக்காவையும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு அங்கே நிற்பாள். நைனாவுக்குப் பிள்ளைகள் நாங்கள் இரண்டு பெண்கள் மட்டும்தான். ஆண்பிள்ளை இருக்கிற வீட்டில் அவன் கல்யாணம் ஆனதும் அவன் பெயருக்கும் ஒரு சீட்டு வரும். எங்கள் வீட்டுச் சீட்டு நைனாவோடு சரி. அதைப் பற்றி அவர் ஒருநாளும் புலம்பியதில்லை, ஆனால் சீட்டு எடுக்கும் நாளில் வீட்டுக்கு வந்து வலையைப் பிரித்துப் பிரித்து மடிப்பார்.

இதையெல்லாம் சாப்பிடும்போது ஜெனியிடம் சொன்னேன். அவளுக்குப் பதினைந்து வயது. தமிழை அளந்து அளந்து பேசுவாள், செய்தி வாசிப்பது மாதிரி. தாத்தாவோடு வீடியோவில் பேசினால், "ஒல்லாந்துக் குட்டி, இன்னாடி இப்படி இங்கிலீசு பாதிரியார் பிரசங்கம் பண்ற மாரி பேசுற" என்று அவர் சிரிப்பார், அவள் கோபித்துக்கொண்டு போய்விடுவாள்.

"அம்மா, பெண்களுடைய பெயர் உள்ளே இல்லை. அப்படி என்றால் அது நியாயமான முறை இல்லை" என்றாள்.

"முறை நல்ல முறைதான்டி. ஆளுங்கதான் பாதிப் பேர வெளிய நிறுத்திட்டாங்க."

"நீ அலுவலகத்தில் செய்யும்போது எல்லாருடைய பெயரையும் போடு."

"பின்ன? அஞ்சு பிரிவும் உள்ளதான்" என்றேன். அப்போது எனக்கு ஐந்துதான் தெரிந்தது.

6

அடுத்த கூட்டத்துக்கு ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டு போனேன். வரிசையைச் சீட்டுப் போட்டு முடிவு செய்வோம் என்றேன். முதல் சுற்றில் முதலில் வருகிறவர், அடுத்த சுற்று வேலை வரும்போது கடைசிக்குப் போய்விடலாம். சீட்டை மாற்றிக்கொள்ளக் கூடாது, விலை பேசக் கூடாது. முதலில் சிரித்தார்கள், பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாதக்கணக்காகச் சண்டை போட்டுக் களைத்திருந்தார்கள். வில்லெம் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

காகிதத்தைக் கிழித்தேன், எழுதினேன், சுருட்டினேன், டப்பாவில் போட்டுக் குலுக்கினேன். ஹென்க்கை எடுக்கச் சொன்னேன். ஏற்றம் இறைப்பதற்குப் போகிறவர் மாதிரி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஒன்றை எடுத்தார். பிரித்தார். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"தலைமை அலுவலகம்" என்று வாசித்தார்.

வில்லெமின் மோர்த் தம்ளர் வாய்க்குப் பக்கத்தில் அப்படியே நின்றது. "இன்னா?" என்றார். சத்தியமாக, தமிழில்தான் கேட்டார்.

டப்பாவை எட்டிப் பார்த்தேன். நான் அதை எழுதினேனா? எழுதியிருக்கிறேன். ஐந்து பிரிவின் பெயரையும் எழுதி முடித்த கை நிற்காமல் ஆறாவதாக அதையும் எழுதிச் சுருட்டிப் போட்டிருக்கிறது. எங்கள் ஊரில் குடத்தைப் பிடிக்கும் தலைவரின் பெயரும் குடத்துக்குள்ளேதான் கிடக்கும். தலைவர் பெயர் இல்லாமல் சீட்டு எடுத்ததை நான் பார்த்ததே இல்லை. அந்தப் பழக்கத்தில் செய்துவிட்டேன். பழவேற்காட்டுக்காரியைத் தவிர வேறு யாரும் இப்படி ஒரு தப்பைச் செய்திருக்க மாட்டார்கள்.

"அமலா, அது தெரியாம உள்ள விழுந்துடுச்சுன்னு நினைக்கிறேன்" என்றார் வில்லெம். குரல் மரியாதையாக இருந்தது, காது மட்டும் சிவந்திருந்தது.

ஆமாம், மன்னிக்கவும் என்று சொல்லிச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிடலாம். வில்லெம் சந்தோஷப்படுவார். ஆனால் எதிரே எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சீட்டைக் கிழித்தால் டப்பாவும் அதோடு முடிந்தது, என் வேலையும் முடிந்தது. கிழிக்காவிட்டால் என் கதி வில்லெமின் கையில். இரண்டில் ஒன்று போகத்தான் போகிறது என்றானதும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

"தெரியாமத்தான் எழுதினேன்" என்றேன். "ஆனா தப்பா எழுதலை. எங்க ஊர்ல குடத்தைப் பிடிக்கிறவர் பேரும் உள்ள இருக்கும். இல்லைன்னா எவனும் உள்ள கை விட மாட்டான். நம்ம தலைமை அலுவலகத்துக்கும் மாத்த வேண்டிய கணக்கு இருக்கு. மைய லாபம் இருக்கு. ஒவ்வொரு வருசமும் பத்திரிகைக்குச் சொல்றோம். அதுல எதை விட்டோம்னு இனிமே குறிப்பு எழுதணும். இவங்க எல்லாரையும் சட்டையைக் கழட்டச் சொல்லிட்டு நாம மட்டும் கோட்டு போட்டுக்கிட்டு நிக்கலாமா?"

ஹென்க் மேசையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். மார்லூஸ் சிரிப்பை அடக்க ஜன்னலைப் பார்த்தாள். வில்லெம் மட்டும் சிரிக்கவில்லை.

"சீட்டைத் திரும்ப உள்ள போட உங்க ஊர்ல வழி இருக்கா?"

"ஒருத்தர் கேட்டார். அவரைத் 'திருப்பிப்போட்டான்'னு பேர் வெச்சுக் கூப்பிட்டாங்க. இப்ப அவர் பேரனையும் அப்படித்தான் கூப்பிடறாங்க."

வில்லெம் தம்ளரைத் தூக்கினார். மோரை முழுசாகக் குடித்தார். உதட்டைத் துடைத்துக்கொண்டார்.

"சரி. முதல் இடம் எங்களுடையது. அடுத்ததை எடுங்க ஹென்க்."

இரண்டாவது வந்தது குளிர்கிடங்கு. மாதக்கணக்காக மல்லுக்கட்டிய மார்லூஸ் நாட்குறிப்பை எடுத்து, "எங்களுக்கு எந்த வாரம்?" என்று கேட்டாள். அவ்வளவுதான். வரிசை முடிவாகி நாங்கள் வெளியே வந்தபோது மதியச் சாப்பாட்டு நேரம்கூட ஆகவில்லை.

7

அன்றைக்கே நைனாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். பெருமைப்படுவார் என்று நினைத்தேன்.

"நீயா சீட்டு எழுதின?" என்றார். "நீயே குலுக்கினியா? பொம்பள கைபட்ட சீட்டா?" கொஞ்சம் சிரித்தார். பிறகு வாடைக்காற்று இந்த வருடம் சீக்கிரமே எடுத்துவிட்டது என்று பேச்சை மாற்றிவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. அத்தனை டச்சுக்காரர்கள் நடுவில் நிமிர்ந்து பேசியவள் அப்பாவிடம் "சரி நைனா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

வேலை ஓடியது. மைய லாபத்தைப் பிரித்துப் போட்டபோதுதான் வேடிக்கை தெரிந்தது. ஆட்குறைப்புக்கு ஆன செலவை, 'ஒரே ஒரு முறை வந்தது' என்று சொல்லி அதில் சேர்க்காமல் விட்டிருந்தார்கள். அந்த ஒரே ஒரு முறை ஒவ்வொரு வருடமும் வந்திருந்தது. அதற்கு நான் எழுதிய குறிப்பை வில்லெம் என் எதிரிலேயே வாசித்தார். திட்டு விழும் என்று காத்திருந்தேன்.

"எல்லா நிறுவனமும் ஒரே அர்த்தத்துல தொழில் லாபம் சொல்லப் போகுது. அப்புறம் நமக்கு இது எதுக்கு?" என்றார். பெற்ற பிள்ளையை அவரே வழியனுப்பி வைத்தார். அந்த நிமிடத்தில் அந்த மனிதர் மேல் எனக்கு மரியாதை வந்தது. ரயிலில் திட்டியதில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

மார்லூஸின் தொழில் லாபம் எதிர்பார்த்தபடியே இறங்கியது. பிரிவுத் தலைவர்கள் கூட்டத்தில் அவளே எழுந்து, "கிடங்கு அதே கிடங்குதான், குளிரும் அதே குளிர்தான், வாடகை மட்டும் தன் வீட்டுக்குப் போயிருக்கு" என்றாள். யாரும் கேலி செய்யவில்லை. வில்லெமின் கணக்கே அதற்கு முன்னால் திறந்து கிடந்ததே, யார் கேலி செய்வது? படகு, பட்டறை, ஆலை, கடைசியில் கூட்டத்துக்கு வராத லாரிக்காரரும் வந்து சேர்ந்தார். வெளியிலிருந்து ஓர் ஆலோசகரும் வரவில்லை.

போன வியாழக்கிழமை தணிக்கைக் குழு முடிந்த பிறகு வில்லெம் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். "உன் பொறுப்புல ஒரு வார்த்தை அதிகமா இருக்கு. அதை எடுத்துடச் சொல்லிட்டேன்" என்றார். தற்காலிக என்ற சொல் போய்விட்டது. குழுமத்தின் கணக்கறிக்கைக்கு முழுப் பொறுப்பு இனி நான்தான். நன்றி சொன்னேன். கூடவே, மோரில் கொஞ்சம் உப்பும் பெருங்காயமும் போட்டுக் குடித்துப் பார்க்கும்படியும் சொன்னேன். வெளியே வந்ததும்தான் அந்தக் குத்தாட்டம்.

8

ஞாயிற்றுக்கிழமை பகலில் நைனா அவராகவே கூப்பிட்டார். வழக்கமாக நான்தான் கூப்பிடுவேன். திரையில் முகம் பாதி, வானம் பாதி தெரிந்தது. பின்னால் ஒரே இரைச்சல். பதவி விஷயத்தைச் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார்.

"இன்னிக்குப் பூசை முடிஞ்சு சீட்டு எடுத்தாங்க. நான் என் பேர்ல போடலம்மா."

முடியவில்லை என்று ஒதுங்கிவிட்டாரோ, உடம்புக்கு ஏதாவதோ என்று பயந்தேன். "இன்னா நைனா? இன்னா ஆச்சு ஒனக்கு?"

"ஒண்ணும் ஆவல. நல்லாத்தான் கீறேன். என் சீட்டுல உன் பேர எழுதிப் போட்டேன்."

ஜெனி சோபாவிலிருந்து எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றாள்.

"தலைவரு பிரிச்சி, அமலா-னு படிச்சாரு. எவன்டா அது அமலா-னு ஒரே கூச்சல். நான் எழுந்து நின்னேன். சீட்டு என்னுது, வலை என்னுது, தண்ணியில எறங்கப் போறவனும் நான்தான், பேரு மட்டும் எம் பொண்ணுது-னு சொன்னேன். அதெப்படி ஒத்துக்கிறது-னு நாலு பேரு எகிறினானுங்க. ஒல்லாந்துக்காரன் அவ டப்பாவுக்குள்ள கைய வுட்டான், அவ மொதலாளியே மொதப் பாடு என்னுது-னு ஒத்துக்கினான், நீங்க அவ பேர வாயால சொல்றதுக்கு இன்னாடா நோவு-னு கேட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா? சொவத்துக்கு அந்தாண்ட நின்னுக்கினு இருந்த பொம்பளைங்கோ அத்தினி பேரும் சிரிச்சிட்டாங்கோ. தலைவரு பாத்தாரு. சரி, ஆளு சவரி, பேரு அமலா-னு எழுதிக்கினாரு."

போன வருடம் வாடைக்காற்றைப் பற்றிப் பேசிப் பேச்சை மாற்றிய மனிதர் இத்தனை நாளும் அந்த டப்பாக் கதையை மனதுக்குள் வைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே கேட்டேன்: "எந்த எடம் வந்துது நைனா?"

"சேத்துப் பாடுதான். மொத நாளு ஒண்ணும் வராது." முழு முகமும் திரையில் தெரிகிற மாதிரி போனைத் தூக்கிப் பிடித்தார். பல் இல்லாத சிரிப்பு. "வராட்டிப் போவட்டும். அடுத்த தபா மேல வந்துடும் இல்ல. எல்லாரும் அத இன்னா-னு சொல்றாங்கோ தெரியுமா? அமலா பாடு."

நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக் கிழவர் சுவரைத் தட்டினார். ஜெனி போனை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். "தாத்தா," என்றாள், அதே செய்தி வாசிக்கும் தமிழில், "இது நியாயமான முறை."

"இன்னாடி சொல்றா உம் பொண்ணு?" என்று அவர் சிரித்தார். இந்தத் தடவை அவள் கோபித்துக்கொண்டு போகவில்லை.

பதவி விஷயத்தைச் சொல்லவே மறந்துவிட்டேன். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம். இங்கே என் மேசையில் புதிய கணக்கறிக்கை இருக்கிறது, அதன் கீழே பொறுப்பாளர் என்று என் பெயர் இருக்கிறது. அதைவிடப் பெரிய செய்தி ஒன்று உண்டு. நான் இதை எழுதிக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில், பழவேற்காடு ஏரியில், என் பெயரில் ஒரு வலை கட்டியிருக்கிறது.